நல்ல இடம் பார்த்து அளப்பவர்

பொய் சொல்கிறவர்களைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. இங்கே நாம் பார்க்கப்போவது வேறு ஓர் இனம். இந்த இனத்தார் பொய் சொல்வதே இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அளவு கருவியைக் கையில் எடுத்து, அது காட்டுகிற எண்ணை உள்ளபடி படித்து, உள்ளபடி எழுதி, அடியில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டு, அதற்குப் பிறகும் உண்மைக்கு நாலு முழம் தள்ளியே நிற்கத் தெரிந்தவர்கள். நல்ல இடம் பார்த்து அளப்பவர்கள் என்று இவர்களுக்குப் பெயர். எண் சரி. கருவி சரி. இடம்தான் அவர்கள் பார்த்து வைத்த இடம்.

இவர்களை எங்கும் காணலாம். ஆனால் ஒருவரைக் கூர்ந்து பார்த்தால் ஊரையே பார்த்த மாதிரிதான் என்பதால், கப்பல் பழுது பார்க்கும் யார்டு ஒன்றில் முப்பது வருஷமாகப் பெயிண்ட் இன்ஸ்பெக்டராக இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரை யார்டில் எல்லோரும் மைக்ரான் என்று அழைப்பார்கள். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். பெயிண்டின் கனத்தை அப்படித்தான் அளப்பது. சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் ஒரு குமிழ். குமிழைப் பூசிய இரும்பின் மேல் அழுத்தினால் 'பீப்' என்று சத்தம் வந்து கனம் எத்தனை மைக்ரான் என்று எண் தெரியும். அந்தக் கருவியைத் தோல் உறையில் போட்டு இடுப்பில் மாட்டிக்கொண்டு அவர் நடந்து வருகிறபோது, எதிரே வருகிற போர்மேன்கள் தங்களுக்கும் ஒரு பூச்சு குறைவோ என்பது போல் சட்டையை இழுத்து விட்டுக்கொள்வார்கள். வீட்டில் அந்த உறைக்குத் தனியாக ஓர் ஆணி. அந்த ஆணியில் வேறு எதையும் மாட்ட அனுமதி இல்லை.

கப்பலின் வெளிப்புறம் எல்லோர் கண்ணிலும் படும். அதற்கு அழகாகப் பெயிண்ட் அடித்துப் பெயரும் எழுதிவிடுவார்கள். யார் கண்ணிலும் படாத இடம் ஒன்று உள்ளே இருக்கிறது: பாலஸ்ட் டாங்க். சரக்கு இல்லாத கப்பல் நிலை கொள்ளாமல் ஆடும் என்பதால், அடியிலும் பக்கங்களிலும் இருக்கிற இந்தத் தொட்டிகளில் கடல் தண்ணீரை நிரப்புவார்கள். சரக்கு ஏறியதும் இறைத்து விடுவார்கள். நிரப்புவது, இறைப்பது, நிரப்புவது, இறைப்பது. உப்பும் ஈரமும் சூடும் மாறி மாறி இரும்பைத் தின்னும். ஒரு ஆள் உடம்பை ஒடுக்கி நுழைகிற துவாரம் ஒன்றுதான் வழி. நுழைந்தால் கும்மிருட்டு. விலா எலும்பு மாதிரி வரிசையாக இரும்புச் சட்டங்கள், அவற்றுக்கு நடுவே தகடுகள், கீழே இறங்க ஓர் இரும்பு ஏணி. இவ்வளவையும் காப்பாற்றுவது முந்நூற்று இருபது மைக்ரான் பெயிண்ட். விசிட்டிங் கார்டு ஒன்றின் கனம் வராது.

தொழிலில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பெயிண்ட் தட்டையான தகட்டில் சொன்னபடி கேட்டு உட்காரும். விளிம்பைக் கண்டால் மட்டும் ஆகாது. காய்கிறபோது கூரான விளிம்பை விட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் ஸ்ப்ரே அடிப்பதற்கு முன்னால், சட்டங்களின் விளிம்பு, வெல்டிங் போட்ட இடம், ஏணி, சந்து பொந்து எல்லாவற்றையும் ஒருவர் பிரஷ்ஷால் கையால் பூச வேண்டும். துரு எங்கே ஆரம்பிக்கும்? அங்கேதான். தகட்டின் நடுவில் ஆரம்பித்த துருவை இந்தத் தொழிலில் கண்டவர் குறைவு.

இப்போது நம் மைக்ரான் டாங்கை அளக்கிற அழகைப் பாருங்கள். துவாரத்தின் வழியே இறங்குவார். ஒருமுறை தொண்டையைக் கனைப்பார். விளக்குப் பிடிக்கிறவர்கள் இந்த விஷயத்தில் தேர்ந்தவர்கள். கனைப்பைக் கேட்டதும் வெளிச்சத்தை நேரே பெரிய தகட்டின் நட்ட நடுவில் கொண்டு போய் நிறுத்துவார்கள். அவர் அந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவிக் கொடுப்பார். குமிழை வைப்பார். பீப்.

"முந்நூத்தி நாப்பது."

ரயில் வருகையை அறிவிக்கிற குரலில் சொல்வார். நாலடி தள்ளி இன்னொரு தகடு, அதன் நட்ட நடு, பீப், முந்நூற்று நாற்பத்தைந்து. இப்படி நூறு இடம். விளிம்பிலிருந்து ஒரு விரல்கடை தள்ளியும் அளக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறதே, அது அவருக்குத் தெரியாதா? மனப்பாடமாகத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு அந்தப் பக்கத்தை அவர்தான் வகுப்பெடுக்கிறார். ஆனால் டாங்குக்குள் இறங்கிவிட்டால், "விளிம்புல குமிழு உக்காராதுப்பா" என்பார். உண்மைதான், விளிம்பின் மேலேயே வைத்தால் உட்காராது. ஒரு விரல்கடை தள்ளி வைத்தால் உட்காரும் என்பதும் உண்மைதான். இரண்டு உண்மைகளில் எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கிற உரிமை ஒரு மனிதருக்குக் கிடையாதா என்ன?

இது வெறும் தொழில் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இனத்துக்கு இது சுபாவம். மைக்ரான் எடை பார்ப்பது காலையில், வெறும் வயிற்றோடு, செருப்பைக் கழற்றிவிட்டு, கடிகாரத்தையும் கழற்றிவிட்டு. ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற டாக்டரை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, 'உங்களுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கீங்க' என்று சொல்கிற டாக்டரிடம் போவார். தங்கைக்கு அவர் மேல் பத்து வருஷக் கோபம். அதனால் சொந்தபந்தமெல்லாம் சௌக்கியமா என்று தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். வீட்டில் குளியலறைக் கதவுக்குப் பின்னால் சுவர் ஊறி, உப்புப் பூத்து, பொறுக்குப் பொறுக்காக உதிர்கிறது. கதவைத் திறந்தே வைத்தால் அது மறைந்துவிடும். ஆகவே அந்த வீட்டில் குளியலறைக் கதவு எப்போதும் விரியத் திறந்தே இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு தடவை மனைவியையும் அளப்பார். அதற்கும் இடம் பார்த்து வைத்திருக்கிறார். வீடு நிறைய உறவினர் உட்கார்ந்திருக்கும்போது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏம்மா, இத்தன வருஷத்துல என்னால உனக்கு ஏதாவது கஷ்டம் உண்டா?" என்பார். எந்த மனைவி இருபது பேருக்கு நடுவில் ஆமாம் என்று சொல்வாள்? அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். முந்நூற்று நாற்பது.

இப்படிப் பச்சைத் தண்ணீர் போல் தெளிவாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்தச் சாம்பல் நிறக் கப்பல் வந்தது. டாங்குகள் எல்லாவற்றுக்கும் புதுப் பூச்சு. மைக்ரான் அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். வியாழக்கிழமை காலையில் கப்பல் கிளம்ப வேண்டும். திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் பிரஷ் அக்கா அவர் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். விளிம்புகளைக் கையால் பூசுகிறவள் அவள்தான். ஒடிசலான தேகம், எந்தச் சந்திலும் புகுந்து வெளியே வந்துவிடுவாள். வயதில் சின்னவர் பெரியவர் என்றில்லாமல் யார்டில் எல்லோருக்கும் அவள் அக்கா.

"சார், மூணாம் நம்பர் இடது டாங்குல பாதிக்கு மேல நான் பிரஷ் ஓட்டவே இல்ல. மழ வருது, காத்துல ஈரம் ஏறிடும்னு ஸ்ப்ரே ஆளுங்க முன்னாடியே உள்ள வந்துட்டாங்க. என்ன வெளிய ஏறச் சொல்லிட்டாங்க. ஏணியும் அப்படியேதான் இருக்கு."

"நான் அளந்தேனே அக்கா. முந்நூத்தி நாப்பது."

"எங்க அளந்தீங்க?"

"டாங்குலதான்."

சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று அக்கா தன் சாப்பாட்டுக்குத் திரும்பிப் போனாள். மைக்ரானும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு காதில் வாங்கியது மறு காதில் போவதற்கு முன், அதை எங்கே வைத்தோம் என்று மறந்துவிடுகிற வித்தை அவருக்கு உண்டு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகளும் மருமகனும் வந்தார்கள். மருமகன் கப்பலில் வேலை பார்ப்பவர். சாதுவான மனிதர், மாமனாரின் தொழில் அறிவின் மேல் அவருக்கு அளவில்லாத மரியாதை. கைகால் கழுவப் போனவர், எல்லா மனிதரையும் போலக் குளியலறைக் கதவைச் சாத்தியிருக்கிறார். வெளியே வந்து, "மாமா, கதவுக்குப் பின்னாடி சுவரு ரொம்ப ஊறியிருக்கு, பாத்தீங்களா?" என்றார்.

"அப்படியா?" என்று மைக்ரான் ஆச்சரியப்பட்டார். தினமும் அதே அறையில் குளிக்கிறவர் அவர்.

சாப்பிட உட்கார்ந்த பிறகு மருமகன் விஷயத்தைச் சொன்னார். "எனக்கு சீஃப் ஆபீசர் பதவி வந்திருக்கு மாமா. உங்க யார்டுல நிக்குதே, சாம்பல் கலர், அந்தக் கப்பல்தான். வியாழக்கிழமை ஏறணும். இனிமே அஞ்சு வருஷத்துக்கு, லீவு போக மத்த நாளெல்லாம் அதே கப்பல்தான்."

"ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை" என்றார் மைக்ரான். கை சாதத்திலேயே நின்றது.

"பாலஸ்ட் டாங்கு எல்லாம் என் பொறுப்பு. மூணு மாசத்துக்கு ஒரு தடவ நானே உள்ள இறங்கிப் பாக்கணும். எல்லாரும் அதுக்குத்தான் பயப்படுவாங்க. போன கப்பல்ல ஏணிப் படி துருப்புடிச்சு ஒருத்தர் கீழ விழுந்து இடுப்ப உடைச்சுக்கிட்டார். ஆனா இங்க எனக்குக் கவலையே இல்ல. ரிப்போர்ட்டு வாங்கிப் படிச்சேன். கீழ உங்க கையெழுத்து. அப்பறம் என்ன?"

பாதியில் வெளியே அனுப்பப்பட்ட அக்கா, பூசாத ஏணி, மூன்றாம் நம்பர் இடது டாங்க் எல்லாம் எங்கிருந்தோ வந்து வரிசையாக மைக்ரானுக்கு எதிரில் உட்கார்ந்தன. இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? டாங்கைத் திறந்து மறுபடி அளப்போம். மைக்ரான் என்ன செய்தார்? மருமகனை மாற்றப் பார்த்தார்.

"ஏன் மாப்பிள்ளை, கொஞ்ச நாள் கரையில ஒரு ஆபீஸ் வேல பாக்கலாமே?"

"இப்பதான் பதவியே வந்திருக்கு மாமா."

"இல்ல, அந்தக் கப்பலு கொஞ்சம் பழசு. அடுத்த மாசம் புதுசா ஒண்ணு வருதுன்னு கேள்விப்பட்டேன்."

"டாங்கெல்லாம் புதுசு மாதிரி இருக்குன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."

மைக்ரான் மென்று விழுங்கினார். "உங்களுக்குப் பல்லு ஏதோ வலிக்குதுன்னு பாப்பா சொன்னாளே. பல்லு விஷயத்துல அலட்சியமா இருக்கக் கூடாது. ஒரு ஆறு மாசம் இருந்து நல்லா வைத்தியம் பண்ணிக்கிட்டு..."

"அது போன வருஷம் மாமா. புடுங்கியாச்சு."

மருமகனுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. மகள் புருஷனைப் பிரிந்திருக்க வேண்டுமே என்று மாமனார் படுகிற பாடு என்று நினைத்துக்கொண்டார். மனைவி குழம்பை ஊற்றினாள். மகள் மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மைக்ரான் ஆணியிலிருந்து உறையை எடுத்து இடுப்பில் மாட்டும்போது மகள் வந்து கூடத்துக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"அப்பா, அந்தக் கப்பல்ல எங்க அளந்தீங்க?"

"இதென்ன கேள்வி? எல்லா டாங்குலயும்தான்."

"டாங்குல எங்க?"

அவர் பெல்ட்டின் துளையைத் தேடினார். முப்பது வருஷமாக மாட்டுகிற பெல்ட். அன்றைக்குத் துளை அகப்படவில்லை.

"என் மார்க் ஷீட்டுல நீங்க எப்படிக் கையெழுத்துப் போடுவீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள் மகள். குரலை உயர்த்தவில்லை. "நடுவுல கொசுவம் மாதிரி மடிப்பீங்க. மேல மொழிப் பாடம் தெரியும், கீழ ஓவியம் தெரியும். கணக்கு மடிப்புக்குள்ள போயிடும். 'தொண்ணூத்தாறு, பேஷ்'னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுவீங்க. கணக்குல நான் முப்பது தாண்டினதில்ல. நீங்க கேப்பீங்க, கேப்பீங்கன்னு ஒவ்வொரு தடவையும் நின்னுக்கிட்டு இருப்பேன். கடைசிப் பரீட்சையில ஃபெயிலானப்ப, தெரியாத மாதிரி ஆச்சரியப்பட்டீங்க. நேத்து அந்தச் சுவத்துக்கு ஆச்சரியப்பட்டீங்களே, அதே மாதிரி."

மைக்ரான் பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"என் மார்க்கு போனாப் போகுது. அவர் உங்க கையெழுத்த நம்பி அந்த ஏணியில கால் வைக்கப் போறாரு. எனக்குப் பயமா இருக்குப்பா. எங்க அளந்தீங்க?"

உள்ளேயிருந்து மனைவி, "பாப்பா, அப்பாவுக்கு நேரமாச்சு. போயிட்டு வரட்டும்" என்றாள். பிறகு, "நல்லா பாத்துட்டு வரட்டும்" என்றும் சொன்னாள்.

யார்டுக்குப் போகிற வழி முழுக்க அவருக்கு மகளின் முகம்தான். எட்டு வயதில், பத்து வயதில், பன்னிரண்டு வயதில், மடித்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு அதே இடத்தில் நிற்கிற முகம். அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஒரு நாள் அவருக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது என்பதை நாமும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நேரே பிரஷ் அக்காவிடம் போனார். "அக்கா, ஒரு விளக்கு எடுத்துக்கிட்டு வாங்க. மூணாம் நம்பர் இடது."

அக்கா விளக்கோடு முன்னால் இறங்கினாள். அவள் வெளிச்சத்தைத் தகட்டின் நடுவில் காட்டவில்லை. ஏணியின் பக்கச் சட்டத்தில், விளிம்புக்கு ஒரு விரல்கடை தள்ளிக் காட்டினாள். மைக்ரான் குமிழை வைத்தார். பீப். வாய்க்குள் ஏதோ சொன்னார்.

"கேக்கல சார்."

"நூத்திப் பத்து."

அடுத்தது சட்டத்தின் ஓரம். பீப்.

"கேக்கல."

"தொண்ணூத்தஞ்சு."

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். எழுதணும்ல."

நாற்பது இடத்தில் சத்தமாகச் சொன்னார். முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அத்தனை சின்ன எண்கள் வந்ததில்லை. மேலே ஏறி வந்து, முதல் ரிப்போர்ட் தப்பு என்று எழுதிக் கொடுத்தார். யார்டு மேனேஜர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, அரை மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்பது இங்கே அச்சில் வரத் தக்கதல்ல. டாங்கின் விளிம்புகளைச் சுரண்டி, அக்கா பிரஷ் ஓட்டி, மறுபடி பூசிக் காய வைக்க ஆறு நாள் ஆயிற்று. கப்பல் அடுத்த புதன்கிழமைதான் கிளம்பியது. கிளம்புவதற்கு முந்தின நாள் மருமகன் புதுசாகப் பூசிய ஏணியில் இறங்கி ஏறிப் பார்த்துவிட்டு, தன் வீட்டிலிருந்து மாமனாருக்கு போன் செய்து நன்றி சொன்னார். மகள் போனை வாங்கி, "அப்பா" என்று மட்டும் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது.

ஆக, மனிதர் திருந்திவிட்டார் என்று புத்தகத்தை மூடப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அன்றைக்கு முதல் மைக்ரானுக்குச் சொல்ல ஒரு கதை கிடைத்தது. சாப்பாட்டுக் கூடத்தில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார், கல் மாதிரி இருக்கிறீர்கள் என்கிற டாக்டரிடம் சொன்னார். வீட்டுக்கு இருபது உறவினர் வந்தபோது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்ட நானே தப்புன்னு எழுதிக் குடுத்தேன். எத்தன பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்?" சொல்லச் சொல்லக் கதை மெருகேறியது. முதல் வாரத்தில் அதில் பிரஷ் அக்கா இருந்தாள். இரண்டாம் வாரத்தில் யாரோ ஒரு அம்மாள் விளக்குப் பிடித்தாள். மூன்றாம் வாரத்தில் விளக்கு தானாக எரிந்தது. மகள் முதல் நாளிலிருந்தே கதையில் இல்லை. தன் நேர்மை எவ்வளவு கனம் என்று யாராவது கேட்டால், டாங்கை மறுபடி அளந்த அந்தப் புதன்கிழமையின் நட்ட நடுவில் குமிழை வைத்து எண்ணைப் படித்துக் காட்டினார். குளியலறைக் கதவு இன்னும் திறந்தேதான் இருக்கிறது.

அடுத்த மாதம் ஒரு பச்சைக் கப்பல் வந்தது. மைக்ரான் டாங்குக்குள் இறங்கினார். தொண்டையைக் கனைத்தார். விளக்கு பெரிய தகட்டின் நடுவில் போய் நின்றது. உள்ளங்கையால் தடவிக் கொடுத்து, குமிழை வைத்து, "முந்நூத்தி நாப்பது" என்றார். ஏணிப் பக்கம் அவர் திரும்பவில்லை. அந்தக் கப்பலில் அவருக்கு மருமகன் இல்லை.

படிக்கிற உங்களுக்கு இவரைப் போல ஒருவரைத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர், மேலதிகாரி, மைத்துனர் என்று இதற்குள் இரண்டு மூன்று பேரை அளந்தும் பார்த்திருப்பீர்கள். அதில் தப்பில்லை. கையோடு ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். உங்களை நன்றாக அறிந்த ஒருவரிடம் போய், நான் எப்படிப்பட்ட ஆள் என்று கேளுங்கள். யாரிடம் கேட்கலாம்?

இப்போது ஒரு பெயர் நினைவுக்கு வந்ததல்லவா? வந்ததும் மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்ததல்லவா? அவரை விட்டுவிடுங்கள். அவருக்கு முன்னால் இன்னொரு பெயர் வந்து, அதை அவசரமாக மடித்து உள்ளே வைத்தீர்களே, அவரிடம் போய்க் கேளுங்கள்.